ஜெயசீலி அக்காவுக்குப் போன பதினாலாம் நம்பர்

ஃபோனை எடுத்தவள் நான். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, வீட்டில் என் சேட்டை தாங்காமல் அம்மா என்னைக் கடைக்குத் துரத்தியிருந்த நாட்கள் அவை. காலை ஒன்பதரை இருக்கும். “அக்கா போயிட்டா பிள்ளே” என்றது ஒரு குரல். பாறசாலையிலிருந்து லீலாபாய் அக்கா, ஜெயசீலி அக்காவின் தங்கை. ஜெயசீலி அக்கா தினமும் பாசஞ்சர் ரயிலில் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கி, ஆரியசாலையில் இருக்கும் எங்கள் கடைக்கு நடந்து வருகிறவர். வண்டியைத் தவறவிட்டால், அடுத்த வண்டிக்குப் போயிட்டா என்று வீட்டிலிருந்து இப்படி ஃபோன் வரும். அதனால் நான், “அடுத்த வண்டியிலயே வரட்டும் அக்கா, இங்க ஆகாசம் ஒண்ணும் இடிஞ்சு விழல்ல” என்று சொல்லிச் சிரித்தேன். லீலாபாய் அக்கா, “விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னா. ஆசுபத்திரி வாசல் வரைக்கும் பேசிட்டுத்தான் வந்தா. அப்பாகிட்ட சொல்லிரு மக்ளே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். கடையின் முதலாளி அவர்தான். கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பக்கத்தில் நின்ற மேனேஜர் நெல்லையப்பன் மாமா “அடக் கடவுளே” என்றார். சரியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “அப்போ இன்னைக்குத் தபால யாரு பாக்கது?” என்றார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடு, ‘அன்னாரின் பிரிவால் வாடும்’ என்று முடித்துவிடு என்று மலர்க்குழு மாமாக்கள் என்னிடம் சொன்னார்கள். மாமாக்களே, என் கோபம் அரைப் பக்கத்தில் கொள்ளாது. தவிர, வாடுவது கீரை. நான் வாடவில்லை, கொதிக்கிறேன்.

ஜெயசீலி அக்காவை உங்களில் பலருக்கு முகம் தெரியாது. எழுத்து நன்றாகத் தெரியும். மிளகும் ஏலமும் கிராம்பும் சுக்கும் மொத்தமாக வாங்கி விற்கும் எங்கள் கடையிலிருந்து இருபத்திரண்டு வருடமாக உங்களுக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் அவர் எழுதியது. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் அவர்தான். கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கும். இடதுபக்க மூலையில், பொடி எழுத்தில், ‘எஸ்.எல்., ஒரு சாய்கோடு, ஜே.எஸ்.’ என்றும் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பவர் சொன்னார், பின்னால் இருப்பவர் டைப் அடித்தார் என்று அதற்கு அர்த்தம். ஆபீஸ் கடிதங்களின் வழக்கம் அது. ஆனால் எங்கள் கடையில் அந்த வழக்கம் ஒரு பச்சைப் பொய். அப்பா சொன்னது ஒரு நாளும் இல்லை. “அவனுக்கு நாலு வாங்கு வாங்குற மாதிரி ஒண்ணு போடும்மா” என்பார். அவ்வளவுதான் டிக்டேஷன். மீதி முழுக்க சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்தவர்.

அந்த ‘நாலு வாங்கு’ எப்படிப் போகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கல்லாற்றிலிருந்து எங்களுக்குக் கிராம்பு அனுப்பும் ஒரு வியாபாரி, ஒரு மழைக்காலத்தில் பாதி ஈரச் சரக்கை அனுப்பிவிட்டார். அப்பா கடை அதிரக் கத்தினார். அந்த மனிதரின் மூன்று தலைமுறையும் அன்று ஆரியசாலை வீதியில் இழுபட்டது. அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மெஷினில் காகிதம் சொருகி ஆறு வரி அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். ‘நலம், நலமறிய அவா’ இருந்தது. ‘தங்கள் சரக்கு கிடைக்கப்பெற்றோம்’ இருந்தது. ஈரம் இருப்பதைச் சொல்லும் ஒற்றை வரி இருந்தது. திட்டே இல்லை.

“என்னக்கா, இதுல எங்க இருக்கு நாலு வாங்கு?” என்று கேட்டேன்.

“கடேசியப் பாரு பிள்ளே” என்றார்.

கடைசியில் வெறும் ‘இப்படிக்கு’.

ஒன்பது வருடமாக அந்த ஆளுக்குப் போன கடிதங்கள் எல்லாம் ‘என்றும் மாறா அன்புடன்’ என்று முடிந்தவை. மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் மனிதர் வந்து இறங்கிவிட்டார், ஒரு சாக்குப் புதுக் கிராம்போடு. அப்பாவைப் பார்க்கவில்லை, நேரே அக்காவின் மேஜைக்குத்தான் போனார். “எந்தாணு அக்கா இது? நான் அத்ரக்கு என்ன தெற்று செய்து? இப்படிக்குன்னு மட்டும் எழுதிக் களஞ்சல்லோ!” அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன் என்று அழாத குறை. அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அன்று மாலையே ‘அன்புடன்’ என்று ஒரு கடிதம் போட்டார். ‘என்றும் மாறா’ திரும்பிவர அவருக்கு இரண்டு சீசன் ஆயிற்று. “கோவத்தத் தலையில வெச்சா சண்டையாவும், காலுல வெச்சா யோசிப்பான்” என்பது அக்காவின் கணக்கு. கடிதத்தின் தலை, கடிதத்தின் கால். மூன்று மொழிக்கும் ஒரே கணக்கு.

என் சேட்டையும் அந்தக் காலில்தான் ஒரு முறை இடறி விழுந்தது. பதினாலு வயது எனக்கு. அக்கா சாப்பிடப் போன நேரம், தூத்துக்குடி வியாபாரி ஒருவருக்கு மெஷினில் பாதி நின்ற கடிதத்தை நான் முடித்து வைத்தேன். ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதற்குப் பதிலாக, ‘தங்கள் ஓரளவு உண்மையுள்ள’. அப்பா வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், கடிதம் போய்விட்டது. பத்தாம் நாள் பதில் வந்தது. கீழே, ‘நாங்களும் ஓரளவுதான்’ என்று எழுதியிருந்தார் அந்தப் பெரிய மனிதர். அக்கா பிரித்துப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவிடம் போட்டுக்கொடுக்கப் போகிறார் என்று நான் படி இறங்கப் பார்த்தேன். “இங்க வா பிள்ளே” என்றார். “வியாபாரத்துல இவ்வளவு உண்மை எழுதப்பிடாது, கேட்டியா?” அவ்வளவுதான். பதிலை ஃபைலில் போட்டுவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு நானும் அக்காவும் ஒரே கட்சி.

இவ்வளவு சிரிப்பு போதும். கோபத்துக்கு வருகிறேன்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் மேல் எனக்குப் புகார் இல்லை, அதில் நான் சீட்டு விளையாடுவேன். நெல்லையப்பன் மாமா என்ன செய்தார் என்பதுதான் புகார். அக்காவின் பழைய கடிதங்களிலிருந்து இருபதைப் பொறுக்கி மெஷினுக்குள் ஏற்றி, நம்பர் போட்டார். ஒன்று, விலை கேட்டு. இரண்டு, சரக்கு கேட்டு. ஐந்து, நினைவூட்டல். ஆறு, பரிசீலனை. பதினாலு, இரங்கல். பெயர் வருகிற இடம் மட்டும் காலி. பெயரைத் தட்டினால் கடிதம் வந்துவிழும். “இனி யாரும் எழுதாண்டாம், எல்லாம் உள்ள இருக்கு” என்று அக்காவின் எதிரிலேயே நின்று சொன்னார். அக்காவின் மேஜை ஜன்னலோரத்திலிருந்து கோணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போயிற்று. வரும் தபாலைப் பிரித்து, எதற்கு எந்த நம்பர் பதில் என்று குறித்து அடுக்கும் வேலை மட்டும் அவரிடம் மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், வியாபாரக் கடிதங்கள் எழுதச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அக்காவைக் கூப்பிட்டுப் பேசி, பிடித்தும் போயிற்று அவர்களுக்கு. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தார் என்று பழைய இடத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றார்கள். அக்கா அப்பாவிடம் வந்து கேட்டார். நான் அங்கேயே இருந்தேன்.

“முதலாளி, நான் இங்க என்ன சோலி பார்த்தேன்னு ஒரு கடுதாசி வேணும்.”

“அதுக்கென்னம்மா? நீயே அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“எனக்க கடுதாசிய நானே எழுத மாட்டேன் முதலாளி.”

அப்பா சிரித்தார். “ஏன், ஊருக்கெல்லாம் எழுதுத?”

“ஊருக்கு எழுதினேன். என்னப் பத்தி வேற யாராவது எழுதட்டு. நாலு வரி போதும். தப்புந்தவறுமா இருந்தாலும் செரி.”

“பாப்போம், பாப்போம்” என்றார் அப்பா.

ஆரியசாலையில் ‘பாப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அப்பாவுக்குத் தபாலில் கடிதம் போட்டார். வேலை பார்க்கிற கடைக்கு, வெளியிலிருந்து, ஸ்டாம்ப் ஒட்டி. ‘பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்கி, ‘என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடிந்தது முதல் கடிதம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது: ‘மதிப்பிற்குரிய’ என்று தலை, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று கால். மூன்றாவதில் ‘ஐயா’ என்று தலை, ‘இப்படிக்கு’ என்று கால். கல்லாற்று வியாபாரி இதைப் பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டு விழுந்திருப்பார். அப்பாவோ பார்க்கவே இல்லை. ஏன் என்றால், கடைக்கு வரும் தபாலைப் பிரிப்பது யார்? அக்காதான். தன் கடிதத்தைத் தானே பிரித்து, ‘முதலாளி பார்வைக்கு’ என்ற தட்டில் தானே வைத்தார். அந்தத் தட்டை அப்பா தொட்டு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. அதில் இருப்பதற்கெல்லாம் பதில் போட்டுத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தவரும் அக்காவேதான். இந்த மூன்றுக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. தட்டிலேயே கிடந்தன.

இங்கே நான் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒரு நல்ல விளையாட்டாகப் பட்டது. கடையின் லெட்டர்ஹெட்டில், ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். விஷயம் எங்கள் தீவிரப் பரிசீலனையில் உள்ளது’ என்று கம்ப்யூட்டரில் தட்டி, அப்பாவின் கையெழுத்தை அச்சாகப் போட்டு (அதில் எனக்குக் கை தேர்ச்சி), பாறசாலை விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் அக்கா வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டு, கடிதத்தை மேஜையில் விரித்தார்.

“கவர்ல கடப் பேரப் பார்த்ததும், முதலாளி எழுதித் தந்துட்டாருன்னு நம்பிட்டேன் பிள்ளே” என்றார். “பிரிச்சுப் பார்த்தா ஆறாம் நம்பர். ஆறாம் நம்பர்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?”

“பரிசீலனைக்கா.”

“இல்ல. ‘நடக்காது’ன்னு அர்த்தம். நடக்காதுன்னு சொல்ல மனசில்லாத எடத்துக்கு நான் உண்டாக்கி வெச்சது.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, அன்றைய தபாலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நெய்யாற்றின்கரையில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அந்த ஃபோன் வந்தது.

அடக்கத்துக்கு அப்பா போனார், மாலை போட்டார், திரும்பி வந்தார். எல்லாம் மரியாதையாகவே நடந்தது. மூன்றாம் நாள் கடையில் உட்கார்ந்து, “நெல்லையப்பா, அவ வீட்டுக்கு முறைப்படி ஒரு கடுதாசி போட்டிரு” என்றார். மாமா பதினாலாம் நம்பரைத் தட்டினார்.

ஒரு வாரம் கழித்து நான் பாறசாலைக்கு லீலாபாய் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீயே வாசி மக்ளே. எனக்கு இது என்னன்னு மனசிலாவல்ல.”

வாசித்தேன். பதினாலாம் நம்பர், யாராவது வியாபாரி இறந்தால் அவர் மகன்களுக்குப் போவதற்காக அக்கா எழுதியது. அதனால் அது இப்படி இருந்தது: ‘தங்கள் குடும்பத்தின் தூணாக விளங்கிய திருமதி ஜெயசீலி அவர்களின் மறைவு எங்களுக்குப் பேரிழப்பு. அன்னார் காலத்தில் நம்மிடையே நிலவிய நல்லுறவும் சரக்குப் பரிமாற்றமும் தங்கள் காலத்திலும் தொடரும் என நம்புகிறோம்.’ அக்கா கல்யாணமே செய்துகொள்ளாதவர். ‘திருமதி’யாம். லீலாபாய் அக்கா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். என்ன சரக்கைப் பரிமாறுவார், கஞ்சியா?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். கீழே அப்பாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, இடதுபக்க மூலையில், பொடி எழுத்தில்: எஸ்.எல்., சாய்கோடு, ஜே.எஸ்.

மாமா பழைய கடிதத்தை அப்படியே ஏற்றினபோது அந்த மூலையையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார். ஜெயசீலி இறந்ததற்கு வருந்தி ஜெயசீலியே டைப் அடித்த கடிதம். தன்னைப் பற்றித் தானே எழுத மாட்டேன் என்று சொன்ன ஒரே மனுஷியை, செத்த மூன்றாம் நாள் எழுத வைத்துவிட்டார்கள்.

“இந்த ஜே.எஸ். நம்ம ஜெயசீலியா?” என்று லீலாபாய் அக்கா கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் அழவில்லை. “அடுத்த மாசம் சபையில நினைவு ஜெபம் உண்டு” என்றார். “இந்த ஊருல எல்லாரும் நினைக்குது, எங்க அக்கா அந்தக் கடையில டீ வாங்கிக் குடுத்துகிட்டு இருந்தான்னு. அவ கேட்ட கடுதாசிய ஒனக்க அப்பா ஒண்ணு எழுதித் தரட்டு. ஜெபத்துல வாசிக்கணும். அது மட்டும் வாங்கித் தா.”

கடைக்கு வந்து கடிதத்தை அப்பாவின் முன்னால் போட்டேன். படிக்கச் சொன்னேன். தன் கையெழுத்துக்கு மேலே இருப்பதை அவர் முதல் தடவையாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ‘சரக்குப் பரிமாற்றம்’ வந்ததும் நெல்லையப்பன் மாமாவைப் பார்த்தார். மாமா மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

“கவனிக்காம நடந்து போச்சு, விடுட்டி” என்றார் அப்பா.

“விட முடியாதுப்பா. அவுங்க கேட்ட கடுதாசிய எழுதிக் குடுங்க.”

“செத்தவளுக்கு எதுக்குட்டி சர்டிபிகேட்?”

“உசுரோட இருக்கும்போ கேட்டாங்களே, அப்போ குடுத்தீங்களா?”

“வாய் நீளுது ஒனக்கு.”

“நாலு வரிப்பா. நீங்க எழுதணும். மெஷின் இல்ல, மாமா இல்ல, நம்பர் இல்ல.”

“பாப்போம்” என்றார்.

ஜெபத்து நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அன்று அப்பா, மாமா, நான் மூவரும் அம்பாசடர் காரில் பாறசாலைக்குப் போனோம். கடிதம் இல்லை. பெரிய ஆளுயர மாலை ஒன்று டிக்கியில் இருந்தது. சபையில் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, போதகர் எழுந்து, “சகோதரி ஜெயசீலி இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஸ்தாபனத்தின் முதலாளி வந்திருக்கிறார். கடிதம் கொண்டு வருவார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், மாமாவிடம் கற்றது.

அப்பா எழுந்து முன்னால் போனார். சட்டைப் பையைத் தடவினார். அதில் பேனா மட்டும் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “பெருமதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கும் சபையாருக்கும்… தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டு வருவது என்னவென்றால்…”

அங்கே நின்றுவிட்டது. எனக்குத் தெரியும், அது மூன்றாம் நம்பரின் முதல் வரி. அப்பாவின் வாயில் வேறு வரி கிடையாது. மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் அவர் பேசியதெல்லாம், எழுதியதெல்லாம் அக்காவுடையது. ‘என்னவென்றால்’ வரைக்கும் அக்கா கொண்டுவந்து விட்டார். அதற்கு அப்புறம் விஷயம் வேண்டும், அது அப்பாதான் சொல்ல வேண்டும். சபை முழுக்கக் காத்திருந்தது. அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடுவதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

“கடுதாசி எல்லாம் அவ எழுதுனது” என்றார் அப்பா, கடையில் பேசுகிற குரலில். “எனக்கு எழுத வராது. நான் கையெழுத்து மட்டுந்தான். என்னைய நல்லவம்னு நாலு ஊருல சொல்லுதாங்கன்னா, அது அவ எழுத்தப் பாத்துச் சொல்லுதது.” அதோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

முன்வரிசையிலிருந்து லீலாபாய் அக்கா எழுந்து திரும்பினார். சத்தமாகவே சொன்னார்: “இதத்தான் முதலாளி எழுதித் தாங்கன்னு கேட்டா எங்க அக்கா.”

இந்த இடத்தோடு முடித்திருந்தால் மலர்க்குழு மாமாக்களுக்கு மனசு குளிர்ந்திருக்கும். முதலாளி மனம் திருந்தினார், எல்லாரும் கண் துடைத்தார்கள். ஆனால் நாங்கள் காரில் திரும்பி வந்தோமே. நெய்யாற்றின்கரை தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன்.

“அப்பா, அங்க சொன்னத அப்படியே எழுதிருங்க. லீலாபாய் அக்காவுக்கு அனுப்பிருவோம்.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ அழகா அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

நெல்லையப்பன் மாமாகூட முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“மாட்டேன்” என்றேன்.

“என்னட்டி?”

“மாட்டேன்ப்பா. எனக்கு நாளைக்கே நாப்பது பக்கம் எழுத முடியும். இந்த நாலு வரிய மட்டும் எழுத மாட்டேன்.”

அது நடந்து இன்றைக்குப் பதினோரு நாள். அப்பாவின் மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதம் இருக்கிறது. முதல் நாள் அதில் ‘உயர்திரு’ என்று இருந்தது. இரண்டாம் நாள் அது அடிக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் நாள் புதிய காகிதம் ஒன்றில் ‘ஜெயசீலி’ என்று மட்டும் இருந்தது, அப்பாவின் கோழிக்கிறுக்கலில். என்ன அடைமொழி போடுவது என்று தெரியாமல் பேனா நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். சரக்கெடுக்கக் கடைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து மேஜையை எட்டிப் பாருங்கள். “எழுதியாச்சா அண்ணாச்சி?” என்று கேளுங்கள். விலை கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். தலையும் வேண்டாம், காலும் வேண்டாம், அந்த நாலு வரி போதும் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் ஃபைல்களில் கிடக்கும் அந்த ‘என்றும் மாறா அன்புடன்’களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பதில் மரியாதை அதுதான்.

ஜெயசீலி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் முதலாளியின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை அவர் வாயால் சொன்ன சொல் அது. அதை நான் வைத்திருக்கிறேன், தேவைப்படும் போதெல்லாம் எடுத்துக்கொள்கிறேன். நேற்றுச் சாயங்காலமும் அப்பா காகிதத்தை என் பக்கம் தள்ளி, “ஆரம்பத்தையாவது சொல்லுட்டி” என்றார்.

மாட்டேன் என்றேன்.

ச. கோமதி